பிள்ளைகளின் நெட் பயன்பாட்டை அவர்களுக்குத் தெரிந்தே கவனிப்பது எப்படி?

முதலில் உங்கள் வீட்டில் எத்தனை திரை ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுத உட்காரும்வரை எங்கள் வீட்டில் நாலுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்: என் போன், அவர் போன், டிவி, 2020-இல் ஆன்லைன் வகுப்புக்காக மகனுக்கு வாங்கிய டேப். எழுதி முடித்தபோது ஏழு வந்தது. மாமியாரின் போனுக்கு லாக்கே கிடையாது, அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கணவரின் ஆபீஸ் லேப்டாப்பில் பிரவுசர் எப்போதும் திறந்தே கிடக்கும். அப்புறம் பீரோவின் கீழ்த்தட்டில் ஓரம் விரிசல் விட்ட என் பழைய போன், சிம் இல்லாவிட்டாலும் வைஃபையில் நன்றாகவே ஓடும். மற்றதற்கெல்லாம் பாஸ்வேர்டு போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்த மாதங்களில், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ராத்திரி விளையாடியது அந்தப் பழைய போனில்தான். சார்ஜரைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தான்.

அதனால் பூட்டு போடுவதற்கு முன்னால் கணக்கெடுப்பு. பயன்படுத்தாத போனை ரீசெட் செய்து கொடுத்துவிடுங்கள், அல்லது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். தாத்தா பாட்டி போனுக்குக் கட்டாயம் லாக் வேண்டும். என் மாமியாருக்கு விரல் ரேகை தேய்ந்துபோய் சென்சாரில் பதியவே இல்லை, கடைசியில் நாலு இலக்க பின் ஒன்றைப் பத்து நாள் சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான், பார்த்துவிடுவார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஒளிந்து பார்க்காதீர்கள்

ஐகான் தெரியாமல் பிள்ளையின் போனில் ஒளிந்துகொண்டு மெசேஜ், போட்டோ, கால் எல்லாவற்றையும் நமக்கு அனுப்புகிற ஆப்கள் இருக்கின்றன. பயத்தில் நானும் ஒன்றைப் போட்டேன். போடும்போதே பிளே ப்ரொடெக்ட்டை அணைக்கச் சொன்னது, அதாவது போனுக்கு இருக்கிற காவலை நானே எடுத்துவிட்டேன். என் பிள்ளையின் படங்களும் பேச்சும் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சர்வருக்குப் போய், அங்கிருந்து எனக்கு வந்தன. இதை யோசித்துப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதற்குள் பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று செட்டிங்ஸில் தேடிப்போய் மகனே கண்டுபிடித்துவிட்டான்.

அவன் சண்டை போடவில்லை. ஒன்றும் சொல்லாமல் வேறொரு ஜிமெயில் தொடங்கினான், என்னிடம் பேசுவதைக் குறைத்தான், அவ்வளவுதான். அந்த மௌனம் உடைய எத்தனை மாதம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். நெட்டில் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் நமக்குத் தெரியவருகிற வழி ஒன்றே ஒன்றுதான், அவனே வந்து சொல்வது. எந்த ஆப்பும் அந்த வேலையைச் செய்யாது. ஒளிந்து பார்த்தால் அந்த ஒரு வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம். கீழே சொல்கிற எல்லாமே பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்ய வேண்டியவை.

எப்படிச் சொல்வது? நான் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணா, உன் போனில் எவ்வளவு நேரம் எந்த ஆப் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், எது தெரியும் எது தெரியாது என்று இப்போதே காட்டுகிறேன். உன் ஃப்ரெண்ட்ஸோடு நீ பேசுவதைப் படிக்க மாட்டேன். ஆனால் யாராவது உன்னைப் பயமுறுத்தினால், அசிங்கமாக ஏதாவது அனுப்பினால், காசு கேட்டால், அன்றைக்கே சொல்லணும். சொன்னதற்காக போனைப் பிடுங்க மாட்டேன்." கடைசி வாக்கியம்தான் முக்கியம், அதை மீறிவிடாதீர்கள். சொன்னால் போன் போய்விடும் என்ற பயத்திலேயே எத்தனையோ பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் இதற்கென்றே வைத்திருக்கிறோம். போன் பிள்ளையின் கையில்தான் இருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம், இரண்டிலும் எந்த ஆப்பில் எத்தனை மணி நேரம் போனது என்று தெளிவாக இருக்கும். பிறகு யூடியூப் ஹிஸ்டரி. ஹிஸ்டரியைப் படிக்க ஒரு முறை உண்டு: பிள்ளை தானாகத் தேடியது எது, யூடியூப் தானாகக் கொண்டுவந்து போட்டது எது என்று பிரித்துப் பாருங்கள். தேடல் பட்டியைத் தொட்டால் என்னென்ன தேடியிருக்கிறார்கள் என்பது வரும், அதை ஹிஸ்டரியோடு ஒப்பிட்டால் போதும்.

நாலாம் வகுப்பு படிக்கும் மகளின் ஹிஸ்டரியை முதல் தடவை பார்த்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாயங்காலம் அவள் தேடியது "பேப்பரில் தவளை செய்வது எப்படி". தவளை செய்தாள், அதற்கு அடுத்தது பேப்பர் கப்பல், அதுவும் சரி. அதற்குப் பிறகு அவள் எதையுமே தேடவில்லை, தானாக ஓடியிருக்கிறது. பொம்மை வீடு, பொம்மைக்கு ஊசி போடும் டாக்டர், பொம்மையின் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை வெளியே எடுக்கும் கார்ட்டூன், கடைசியில் பேய் வேஷத்தில் ஓர் ஆள் சின்னப் பிள்ளைகளை இருட்டில் துரத்துவது. பேப்பர் தவளையிலிருந்து பேய்க்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு வாரமாக அவள் தனியாக பாத்ரூம் போகப் பயந்ததற்கு நாங்கள் வேறு என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளைத் திட்டியிருந்தால் தவளையைத் தேடியதற்குத்தான் திட்டியிருப்பேன்.

செய்ய வேண்டியது: ஆட்டோபிளேயை அணையுங்கள், டிவியிலும் தனியாக அணைக்க வேண்டும். பிடிக்காத வீடியோக்களை ஹிஸ்டரியிலிருந்து பிள்ளையோடு சேர்ந்தே நீக்குங்கள், ஹிஸ்டரியில் இருப்பதை வைத்துத்தான் அடுத்தது வருகிறது. ஒரு சேனல் முழுவதுமே வேண்டாம் என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு, அந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே என்று கொடுக்கலாம். டிவியில் உங்கள் கணக்கிலேயே யூடியூப் ஓடினால் நீங்கள் பார்க்கும் கொலை வழக்கு வீடியோவும் பிள்ளைக்கு வரும், பிள்ளைக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

இனி செட்டிங்ஸ்

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் போதும், இலவசம். உங்கள் போனில் அந்த ஆப்பைப் போட்டு, பிள்ளைக்கு அவர்களின் உண்மையான பிறந்த தேதியோடு ஒரு கூகுள் கணக்கு தொடங்கி, பிள்ளையின் போனில் அந்தக் கணக்கை மட்டும் வைத்தால், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும், ஒவ்வோர் ஆப்புக்கும் எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் போனிலிருந்தே வைக்கலாம். புது ஆப் போட வேண்டுமென்றால் உங்களிடம் அனுமதி கேட்டு வரும். குரோமில் இன்காக்னிட்டோ, அதாவது ஹிஸ்டரி பதியாமல் பார்க்கிற வசதி, திறக்காது. அவர்கள் அனுப்பும் மெசேஜ் எதையும் அது உங்களுக்குக் காட்டாது, அது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது.

பிறந்த தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆன்லைன் வகுப்புக் காலத்தில் அவசரமாகத் தொடங்கிய கணக்குகளில் அப்பா அம்மாவே 1990, 1995 என்று ஏதோ ஒரு வருடத்தைப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளைக்கு முப்பது வயது, அந்த வயதுக்கான விளம்பரமும் வீடியோவும்தான் வரும். கணக்கின் தனிப்பட்ட விவரங்களுக்குப் போய்ப் பாருங்கள், தவறாக இருந்தால் திருத்துங்கள். இன்ஸ்டாகிராமிலும் இதே கதைதான். 2025 முதல் இந்தியாவிலும் டீன் கணக்கு வந்துவிட்டது: கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், ராத்திரி 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது, 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் அனுமதி வேண்டும். வயதைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இதெல்லாம் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. 13 வயது ஆகாத பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கே இருக்கக் கூடாது என்பது அவர்களே வைத்திருக்கும் விதி.

ஐபோன், ஐபேடில் தனி ஆப் வேண்டாம், செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம் இருக்கிறது, அதற்கென்று ஒரு பாஸ்கோடு போடுங்கள், போனைத் திறக்கிற பாஸ்கோடையே போட்டுவிடாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ், அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் வரும்படி வைக்கலாம், கொஞ்சம் உட்கார்ந்து செய்ய வேண்டும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீண் போகாது. பிறகு 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல் என்று யூடியூபிலேயே மேற்பார்வைக் கணக்கு இருக்கிறது, ஃபேமிலி லிங்கிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை ஐந்து நிமிடம் போன் கேட்டால் வெளியேற பின் கேட்கும்படி ஆப் பின்னிங் போட்டுக் கொடுங்கள், அந்த ஓர் ஆப்பை விட்டு வெளியே போக முடியாது.

ரவுட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறைய பேர் அதைத் தொடவே பயப்படுகிறார்கள். ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1, யூசர்நேமும் பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கும். வைஃபையில் இணைந்திருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் உள்ளே போகலாம். முதல் வேலை, அந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஸ்டிக்கரைப் பிள்ளைகளும் படிப்பார்கள். இரண்டாவது, டிஎன்எஸ் (ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அது எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் சேவை) என்ற இடத்தைத் தேடி 1.1.1.3, அடுத்த கட்டத்தில் 1.0.0.3 என்று கொடுங்கள். இது கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காக இலவசமாகத் தொடங்கியது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் வீட்டில் இருக்கிற டிவி உட்பட எல்லாத் திரையிலும் தடுக்கும். யூடியூபுக்குள்ளோ இன்ஸ்டாகிராமுக்குள்ளோ வருவதை அதனால் தடுக்க முடியாது. ஏற்கெனவே ஆபரேட்டர் பூட்டி வைத்திருக்கும் சில ரவுட்டர்களில் டிஎன்எஸ்ஸை மாற்ற விடாது, அப்போது ஆண்ட்ராய்டு போனிலேயே பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர் ஹைஃபன் டிஎன்எஸ் டாட் காம் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், மொபைல் டேட்டாவிலும் வேலை செய்யும்.

மூன்றாவது, நேர அட்டவணை. பேரன்டல் கன்ட்ரோல் அல்லது ஆக்சஸ் கன்ட்ரோல் என்ற பெயரில் இருக்கும், குறிப்பிட்ட போனுக்கு மட்டும் ராத்திரி பத்து மணிக்கு வைஃபையை நிறுத்தலாம். இப்போதைய போன்கள் ரவுட்டரிடம் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்) சொல்லாமல் மாற்றிச் சொல்லும், அதனால் மகன் போனை நிறுத்திவிட்டோம் என்று நாம் நினைத்திருக்க, அது வேறு பெயரில் திரும்ப வந்திருக்கும். போனில் நம் வீட்டு வைஃபையின் விவரத்துக்குள் போய், பிரைவசி என்ற இடத்தில் போனின் சொந்த மேக் முகவரியைப் பயன்படுத்து என்று மாற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு பாட்டி போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டால் எல்லாம் போச்சு, அதனால்தான் முதலில் கணக்கெடுக்கச் சொன்னேன்.

காசு

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். கார்டு, யுபிஐ எதையும் பிள்ளை கையாளும் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். கடைக்கு அனுப்பும் அவசரத்தில் யுபிஐ பின்னைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் தெருவிலேயே சாதாரணமாக நடக்கிறது, அதன் பிறகு கேமுக்குள் வாங்கும் டைமண்ட், ஸ்கின் என்று ஐம்பது நூறாகப் போவது சம்பள நாளில்தான் தெரியும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, தெரியாத எதற்காவது மாதாமாதம் பணம் போகிறதா என்றும் பாருங்கள். காசு கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் போட்டுவிட்டது, அப்படி ஒன்று பிள்ளையின் போனில் இருந்தால் அதை சாதாரண கேம் என்று விட்டுவிடாதீர்கள்.

ராத்திரி

ஒன்பதரை மணிக்கு எல்லா போனும் ஹாலில் சார்ஜரில். எங்களுடையதும்தான், அது மகன் வைத்த நிபந்தனை, நியாயமானதும்கூட. அலாரத்துக்கு போன் வேண்டும் என்ற பேச்சை நிறுத்த ஒரு மேஜைக் கடிகாரம் வாங்கினோம். இந்த ஒன்றை மட்டும் செய்தால்கூட மற்றதில் பாதி தேவைப்படாது என்பது என் அனுபவம்.

வயதுக்கு வயது மாறும்

இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் கீழே வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சோறு ஊட்டும்போது போனைக் கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்காமல் இருப்பதுதான் எளிது, நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு நீங்கள் இருக்கும் அறையில்தான் திரை, ஹெட்போன் வேண்டாம், காதில் விழுந்தாலே பாதி தெரிந்துவிடும். பதின்மூன்று பதினாலு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மகனின் ஹிஸ்டரியை இப்போது நான் வாராவாரம் பார்ப்பதில்லை, நேரக் கணக்கை மட்டும் பார்க்கிறேன், யாரெல்லாம் புதிதாக ஃப்ரெண்ட் ஆனார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்கிறேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். நீங்கள் உள்ளே வந்ததும் திரை கவிழ்கிறதா, போனில் இரண்டு கால்குலேட்டர் இருக்கிறதா (ஒன்று படங்களை ஒளித்துவைக்கும் ஆப்பாக இருக்கலாம், எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள்), நீங்கள் செய்யாத ரீசார்ஜ் வந்திருக்கிறதா, பிடித்த குழம்பு வைத்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறார்களா, இதெல்லாம் கேட்க வேண்டிய நேரம். கேட்கும்போது போனைப் பற்றி ஆரம்பிக்காமல் பிள்ளையைப் பற்றி ஆரம்பியுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

போன வருடம் அரையாண்டு லீவில் மகன் அடுப்படிக்கு வந்து, நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மேடையில் போனை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். கேமில் இரண்டு வாரமாகக் கூட விளையாடிய ஒருவர் முதலில் வயசு கேட்டிருக்கிறார், பிறகு எந்த ஊர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அப்புறம் டைமண்ட் அனுப்புகிறேன், வேறொரு ஆப்புக்கு வா, சட்டை இல்லாமல் ஒரு போட்டோ அனுப்பு. கை மாவோடு அப்படியே படித்தேன். உள்ளுக்குள் நடுங்கியது. "சொன்னியே, அது போதும்டா, இதில் உன் தப்பு ஒன்றுமில்லை" என்று மட்டும் சொன்னேன். போட்டோ எதுவும் போகவில்லை, அதற்குள் வந்து சொல்லிவிட்டான்.

இந்த மாதிரி நேரத்தில் அந்த உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்த ஆளின் ஐடி தெரியும்படி எடுங்கள், அப்புறம் பிளாக். கோபத்தில் நீங்களே அவனுக்குப் பதில் அனுப்ப வேண்டாம். படம் போய்விட்டது, காசு கேட்டு மிரட்டுகிறான் என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது, அனுப்பினால் மறுபடி கேட்பான். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஆதாரத்துக்காகக்கூட சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அது சட்டப்படியும் தவறு, போலீஸிடம் அந்த போனையே காட்டுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் படம் பெரிய தளங்களில் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவச சேவை 2023-இலிருந்து இருக்கிறது, படத்தை நாம் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, நம் போனிலேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாகி அந்த எண் மட்டும்தான் போகும்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பிள்ளை சம்பந்தப்பட்ட எதற்கும் குழந்தைகள் உதவி எண் 1098, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பிள்ளை ரொம்ப உடைந்துபோய் இருந்தால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். இந்த மூன்று எண்களையும் இப்போதே உங்கள் போனிலும், பாட்டி போனிலும், பிள்ளையின் போனிலும் சேமித்து வையுங்கள்.